கிரேன் கேபினில் அடக்கி வைத்த வயிறு: இது ஒரு நோயா, இரண்டா?

உயரத்தில்_ஒருவன் எழுதியது:

வணக்கம். 14 வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறேன். வயது 44. வயிற்றைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முகம் தெரியாததால் எழுத முடிகிறது.

வேலையைச் சொன்னால்தான் என் வயிறு புரியும். கேபின் இப்போது 62 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏணிதான், லிஃப்ட் கிடையாது. ஏற 15 நிமிடம், இறங்க 10 நிமிடம். காலை ஆறரைக்கு ஏறினால் பன்னிரண்டரைக்குத்தான் தரையைத் தொடுவேன். நடுவில் இறங்கினால் கான்கிரீட் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வாக்கிடாக்கியில் என் பெயரை ஆளாளுக்கு ஏலம் போடுவார்கள். சிறுநீருக்கு ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். மற்றதற்கு வழியில்லை.

மேலே போய் உட்கார்ந்து, ஃபிளாஸ்க் காபியைக் குடித்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்று முடித்ததும் சரியாக ஏழேகாலுக்கு வயிறு கூப்பிடும். வருடக்கணக்கில் அதே ஏழேகால். பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் அடங்கிவிடும். மதியம் இறங்கிப் போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. முன்பெல்லாம் இரவு வீட்டில் எப்படியோ முடிந்துவிடும். இப்போது அந்த ஏழேகால் அழைப்பே நின்றுவிட்டது. நான்கு நாளுக்கு ஒருமுறை, அதுவும் முக்கி முக்கி, கூழாங்கல் மாதிரி. இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் மலத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு ரத்தம். அப்புறம் வரவில்லை.

இது கீழ் வயிறு. மேல் வயிறு வேறு கதை. நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிகிறது. வாரத்தில் இரண்டு மூன்று இரவு, இரண்டு மணி வாக்கில் எழுப்பிவிடுகிறது. எழுந்து ஒரு ஒமிப்ரசோல் கேப்சூல் போட்டுக்கொள்வேன். சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது.

கூட வேலை செய்யும் ஒருவர், "குடல் அடைத்துக் கிடக்கிறது, மாதம் ஒருமுறை பேதிக்குச் சாப்பிடு" என்றார். ஒரு சனி இரவு சாப்பிட்டேன். ஞாயிறு விடிகாலை அவசர வேலை என்று கூப்பிட்டுவிட்டார்கள். அன்று என்ன நடந்தது என்பதை என் பேரப்பிள்ளைகளுக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.

எடை குறையவில்லை, பெல்ட் அதே துளையில்தான் இருக்கிறது. வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை. நாள் முழுக்கக் குனிந்து கீழே பார்க்கும் வேலை என்பதால் கழுத்து வலிக்கு மட்டும் டைக்ளோஃபெனாக், வாரத்தில் நான்கைந்து நாள், ஒரு வருடமாக. ஏறுவதற்கு முன் வெறும் வயிற்றில் போட்டால் சீக்கிரம் வேலை செய்கிறது.

இதெல்லாம் ஒரே நோயா? டாக்டரிடம் போனால் குழாய் விடுவார்களா? எங்கிருந்து தொடங்குவது?


சுத்தகுடல்_99 எழுதியது:

நண்பர் சொன்னது சரிதான். குடல் சுவரில் பல வருடக் கழிவு பசை மாதிரி ஒட்டியிருக்கும். அதுதான் நஞ்சாகி மேலே எரிச்சலாக வருகிறது. ஒருமுறை பேதியானது போதாது, 21 நாள் தொடர்ந்து சுத்தம் செய்யுங்கள்.


பழைய_நர்ஸ் எழுதியது:

முதலில் சுத்தகுடல் அவர்களுக்கு. 26 வருடம் நர்ஸாக இருந்தேன். அதில் ஒன்பது வருடம் எண்டோஸ்கோப்பி அறையில்தான். ஆயிரக்கணக்கான குடல்களின் உள்ளே திரையில் பார்த்திருக்கிறேன். பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஈரமாக, இளஞ்சிவப்பாக, உங்கள் கன்னத்தின் உட்புறம் போலத்தான் இருக்கும். அந்த உள்தோலின் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. எதன் மேல் பல வருடம் ஒட்டும்? 21 நாள் பேதி போனால் உடம்பின் பொட்டாசியம் போகும், அதில் இதயத் துடிப்பே தடுமாறலாம். தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

இப்போது கிரேன் தம்பிக்கு. நீங்கள் மேல் வயிறு, கீழ் வயிறு என்று பிரித்து எழுதியதே பாதி வைத்தியம். எனக்கு இரண்டும் தனித்தனியாகத்தான் படுகின்றன. மேல் வயிற்றுக்கான காரணத்தை நீங்களே கடைசியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அதை மருந்து தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். நான் கீழ் வயிற்றைப் பார்க்கிறேன்.

உங்கள் ஏழேகால் அழைப்பு ஒன்றும் அதிசயமில்லை. இரைப்பையில் உணவு விழுந்து அது விரிந்ததும், "மேலே புதிதாக வருகிறது, கீழே இடம் விடு" என்று பெருங்குடலுக்குச் செய்தி போகும். அதன்பின் பெருங்குடல் பெரிய அலையாகச் சுருங்கி, உள்ளே இருப்பதை மலக்குடலுக்குத் தள்ளும். காலையில் தூங்கி எழுந்த பிறகுதான் இந்த அலை பலமாக இருக்கும். காபி சிலருக்கு அதை இன்னும் தூண்டும். நீங்கள் கேபினில் உட்கார்ந்து ரொட்டியும் காபியும் எடுத்தீர்கள், குடல் தன் வேலையைச் செய்தது. அது வந்த இடம்தான் தப்பு.

அடக்கினால் என்ன ஆகும்? மலக்குடல் தளர்ந்து கொடுக்கும், உணர்வு அடங்கும், உள்ளே இருப்பது அங்கேயே தங்கும். இங்கே ஒரு கணக்கு சொல்கிறேன். நாம் குடிக்கும் நீர், எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று ஒரு நாளைக்கு 8 முதல் 9 லிட்டர் திரவம் குடலுக்குள் போகிறது. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டும். மீதி எல்லாவற்றையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பெரும்பங்கு சிறுகுடலிலேயே முடிந்துவிடும், மிச்சத்தைப் பெருங்குடல் எடுக்கும். அதற்கு விடுமுறை கிடையாது. நான்கு நாள் தங்கினால் நான்கு நாளும் உறிஞ்சும். கூழாங்கல் அப்படித்தான் உருவாகிறது. வருடக்கணக்கில் இப்படிச் செய்தால் மலக்குடலும் சின்னச் சின்ன அழைப்புக்கு மணி அடிப்பதை விட்டுவிடும். கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராத வீட்டுக்கு எத்தனை நாள்தான் கூப்பிடுவது? ஆனால் பெரும்பாலும் இது பழக்கினால் திரும்பி வரும்.

செய்ய வேண்டியது: அந்தக் காபியையும் ரொட்டியையும் கேபினுக்குக் கொண்டுபோகாதீர்கள். முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்து வீட்டிலேயே சாப்பிடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காருங்கள். வெஸ்டர்ன் கழிவறை என்றால் காலுக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி. முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கட்டும், கொஞ்சம் முன்னால் சாயுங்கள். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கயிறு மாதிரி வளைத்துப் பிடித்திருக்கிறது, அந்த நிலையில்தான் வளைவு நிமிரும். ஐந்து, பத்து நிமிடம் போதும். முக்காதீர்கள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். மூலம் வளர்ப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

தினமும் போயே ஆக வேண்டும் என்று பதறவும் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான். எத்தனை முறை என்பதைவிட எப்படி இருக்கிறது என்பதைப் பாருங்கள். 1997இல் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் ஏழு வகையாகப் பிரித்து ஒரு படம் வெளியிட்டார்கள். இன்றும் பல மருத்துவமனைகளில் அதுதான். தனித்தனிக் கட்டிகள் முதல் வகை, வெறும் தண்ணீர் ஏழாம் வகை. மூன்றும் நான்கும் நல்லவை. நீங்கள் முதல் வகை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி, நேரம், வகை எண் மட்டும் எழுதுங்கள். "வயிறு சரியில்லை டாக்டர்" என்று சொல்பவரைவிட நோட்டோடு வருபவருக்குச் சீக்கிரம் வழி பிறக்கும். இது நான் அந்த வாசலில் நின்று பார்த்தது.

நார்ச்சத்து: பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கப் வெந்த பருப்பில் ஏறத்தாழ 15 கிராம், தோலோடு ஒரு ஆப்பிளில் 4 கிராம் இருக்கும். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு பலூன் ஆகிவிடும். வாரம் கொஞ்சம் என்று கூட்டுங்கள். நீங்கள் காலையில் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர் என்று நினைக்கிறேன். தண்ணீர் இல்லாமல் நார் சேர்த்தால் இன்னும் அடைக்கும்.

கடைசியாக, அந்த ஒரு கோடு ரத்தம். சிவப்பு ரத்தம் பெரும்பாலும் மூலமோ ஆசனவாய் வெடிப்போதான். ஆனாலும் "பெரும்பாலும்" என்பதை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். 44 வயதில் ரத்தம் பார்த்தால், பழக்கம் புதிதாக மாறியிருந்தால், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். தார் போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, நாற்றமாகப் போனால், ரத்த வாந்தி எடுத்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவையும் தள்ளிப்போடக் கூடாதவை.


எண்ணிக்கொடுப்பவன் எழுதியது:

மருந்துக்கடையில் 11 வருடமாக இருக்கிறேன். சிஸ்டர் எனக்காக விட்டுவைத்ததை எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, "வேறு மருந்து எதுவும் இல்லை, டைக்ளோஃபெனாக் மட்டும்" என்று வாரம் நான்கு பேராவது என்னிடம் சொல்கிறார்கள். வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை!

இரைப்பை அமிலம் இறைச்சியையே கரைக்கும். அது இரைப்பையையே கரைக்காமல் இருக்கக் காரணம் இரைப்பைச் சுவரின் மேல் இருக்கும் சளிப் படலம். அந்தப் படலத்தைப் பராமரிக்கச் சொல்லும் பொருளுக்குப் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர். வலியைக் கூட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அதைக் குறைத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. கூடவே இரைப்பையின் காவலும் குறைந்துவிடும். சாப்பிட்ட பின் போட்டால் பயமில்லை என்பது பாதிதான் உண்மை. மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகும் இதே வேலையைச் செய்கிறது, அதனால் ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். வெறும் வயிற்றில், வாரம் ஐந்து நாள், ஒரு வருடம்... நிறுத்துவதைப் பற்றி இந்த வாரமே டாக்டரிடம் பேசுங்கள். கழுத்துக்குப் பாராசிட்டமால், பூசும் ஜெல், உடற்பயிற்சி சிகிச்சை என்று வேறு வழிகள் இருக்கின்றன.

அடுத்து ஒமிப்ரசோல். இரவு இரண்டு மணிக்கு எரியும்போது போடும் மருந்து அல்ல அது. அமிலம் சுரக்கும் செல்களில் இருக்கும் பம்புகளைப் பூட்டுவதுதான் அதன் வேலை. சாப்பாடு வரும்போதுதான் அந்தப் பம்புகள் ஓடத் தொடங்கும். ஓடும் பம்பைத்தான் அது பூட்டும். அதனால் காலை உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். உடனே எரிச்சல் அடங்க வேண்டுமென்றால் சாதாரண அமில நீக்கி திரவமே போதும். உங்களுக்கு ஒமிப்ரசோல் "சில நாள் கேட்டது" என்றால், கொஞ்சம் காத்திருந்தாலே அந்த எரிச்சல் அடங்கியிருக்கலாம்.

தினமும் மாதக்கணக்கில் எடுத்தவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்த வேண்டாம். அடக்கி வைத்த அமிலம் சில வாரம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும், "நோய் திரும்பிவிட்டது" என்று பயந்து மறுபடி தொடங்குவீர்கள். டாக்டர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைப்பதே நல்லது. அதே நேரம், வருடக்கணக்கில் கேட்பாரில்லாமல் எடுத்தால் வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம்.

இன்னொன்று, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. அல்சர் என்றாலே கவலையும் காரமும் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984இல் இந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது. இந்தக் கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு இன்னும் கூடும். மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து பார்க்கலாம், குழாய் வேண்டியதில்லை. ஆனால் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் ஒமிப்ரசோலும், நான்கு வாரம் ஆன்டிபயாடிக்கும் எடுத்திருக்கக் கூடாது. எடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். ஏற்கனவே தினசரி எடுப்பவர்கள் எப்போது நிறுத்துவது என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிஸ்டர் சொன்ன கறுப்பு மலத்துக்கு ஒரு அடிக்குறிப்பு: இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் கறுப்பாகத்தான் போகும். அதற்காக ஓட வேண்டாம்.


ஏழாம்_வகை எழுதியது:

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் உங்களுக்கு நேர் எதிர்க்கட்சி. ஒவ்வொரு ஊருக்குப் போகும்போதும் முதலில் கழிவறை எங்கே என்று பார்க்கும் ஆள். எட்டு வருடமாக எரிச்சல் குடல் நோய்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நார்ச்சத்து எல்லாம் ஒன்றல்ல. யாரோ நல்லது என்று சொன்னதைக் கேட்டுக் கோதுமைத் தவிடு தின்றேன், வயிறு மத்தளமாகிவிட்டது. இசப்கோல் ஒத்துக்கொண்டது. பாலைக் குறைத்துப் பார்த்தேன், அதில் பாதி உப்புசம் போனது. சிறுவயதுக்குப் பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி உலகில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடுகிறதாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்கூட என் எதிரிதான். அதில் போடும் சார்பிட்டால் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும்.

மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் உணவுமுறையும் (குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில வகைச் சர்க்கரைகளைக் குறைப்பது) எனக்கு உதவியது. ஆனால் அது சில வாரம் விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் சோதனை. வாழ்நாள் பட்டினி இல்லை. நான் முதலில் அதைப் புரிந்துகொள்ளாமல் ஏழு மாதம் ஏறக்குறைய எதையும் சாப்பிடாமல் இருந்து மெலிந்துபோனேன். உணவியலாளர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள்.


உயரத்தில்_ஒருவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டைக்ளோஃபெனாக்கைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எரிச்சலுக்கு ஒரு மாத்திரை, அந்த எரிச்சலைக் கொடுக்க ஒரு மாத்திரை, இரண்டையும் என் காசிலேயே வாங்கியிருக்கிறேன்.

சிஸ்டர், ஒரு சந்தேகம். தண்ணீர் குடிக்கச் சொல்கிறீர்கள். குடித்தால் பாட்டில் நிறைந்துவிடும். நான் வேண்டுமென்றேதான் குடிப்பதில்லை.


பழைய_நர்ஸ் எழுதியது:

இன்னொரு பாட்டில் கொண்டுபோங்கள் தம்பி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெயிலில் கண்ணாடிக் கேபினில் ஆறு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்தால் சிறுநீரகக் கல்லுக்கும் சேர்த்து இங்கே வந்து கேள்வி கேட்க வேண்டியிருக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், அதுதான் அளவுகோல். வெறும் தண்ணீர் மட்டும் குடித்து மலச்சிக்கல் தீராது, உங்கள் மாதிரி வறண்டுபோனவர்களுக்கு அது தொடக்கம். மேற்பார்வையாளரிடமும் பேசுங்கள். காலையில் ஒருமுறை மாற்று ஆள் ஏறி உட்கார முடியாதா என்ன?


உயரத்தில்_ஒருவன் எழுதியது (ஒன்பது வாரம் கழித்து):

முடிவைச் சொல்லாமல் போகிறவர்கள் மேல் எனக்கே கோபம் வரும் என்பதால் எழுதுகிறேன்.

டாக்டரிடம் நோட்டோடு போனேன். இரண்டு வாரத்தில் ஐந்து வரிகள்தான் இருந்தன, நான்கில் "1" என்று. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "யார் சொல்லி எழுதினீர்கள்?" என்று கேட்டார். "ஒரு சிஸ்டர்" என்றேன். இரவில் எழுப்பும் வலி, வலி மாத்திரை, ரத்தம் மூன்றையும் கேட்டதும் மேலேயும் கீழேயும் பார்த்துவிடலாம் என்றார். ஆம், குழாய் விட்டார்கள். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. பெருங்குடலைக் காலி செய்யக் குடிக்கச் சொன்ன அந்த மருந்துதான் கொடுமை. இந்த முறை முன்கூட்டியே விடுப்பு எடுத்துவிட்டேன்.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் நான்கைந்து சிறு அரிப்புப் புண்கள். கிருமி இல்லை. வலி மாத்திரையின் வேலை என்றார். பெருங்குடல் சுத்தம், உள்மூலம் முதல் நிலை. டைக்ளோஃபெனாக் நிறுத்தம். ஒமிப்ரசோல் எட்டு வாரம், காலையில் சாப்பாட்டுக்கு முன். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு இரவு இரண்டு மணியை நான் பார்க்கவில்லை. கழுத்துக்குச் சிகிச்சையாளர் ஐந்து பயிற்சி கொடுத்தார். அவற்றில் இரண்டைத்தான் ஒழுங்காகச் செய்கிறேன்.

கீழ் வயிறு அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வரவில்லை. முதல் பத்து நாள் ஐந்து மணிக்கு எழுந்து, காபி குடித்து, முக்காலியில் கால் வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் இல்லை. வீட்டில் சிரித்தார்கள். டாக்டர் பாலிஎதிலீன் கிளைக்கால் தூள் கொடுத்தார். அது குடலை உதைத்து ஓட்டுவதில்லை, தண்ணீரைப் பிடித்து வைத்து இளக்குகிறது என்றார். 19ஆம் நாள் காலை ஐந்தரைக்கு, தானாக, அழைப்பு. நோட்டில் "3" என்று எழுதினேன். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. (வாங்கியதும் இல்லை.)

மேற்பார்வையாளரிடம் பேசவே எனக்கு ஒரு மாதம் ஆனது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பிரிஸ்டல் படத்தைப் போனில் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் எண் இரண்டு என்றார். இப்போது ஒன்பதரை மணிக்கு மாற்று ஓட்டுநர் ஏறுகிறார், நான் இறங்குகிறேன். மேற்பார்வையாளரும் நோட்டு வாங்கிவிட்டார்.